தாம்பூலமும் உணவுத் தாவரங்களும்: தமிழகத்தில் வாய்ப்புற்றுத் தடுப்பாய்வின் வரலாறு (காவிரிப் படுகையை முன்வைத்து)

ஆய்வுச் சுருக்கம்

மஞ்சள், பூண்டு, கீரை, வெற்றிலை முதலியவற்றிலுள்ள வேதிப்பொருள்கள் புற்றுநோயைத் தடுக்கும் என்னும் கருத்து இன்று பரவலாக வழங்குகிறது. இக்கருத்துக்கு அடிப்படையான ஆய்வுகளுள் பல தென்னிந்தியாவில் வாய்ப்புற்றை மையமாகக் கொண்டு நிகழ்ந்தவை. தாம்பூலம் நோய்க்காரணமாக அறியப்பட்ட வரலாற்றையும், உணவுத் தாவரங்கள் காப்புப் பொருளாக ஆராயப்பட்ட வரலாற்றையும் இக்கட்டுரை ஒருங்கே வைத்துப் பார்க்கிறது. தாவர வேதிப்பொருளின் காப்பாற்றல் ஆய்வகத்தில் மெய்ப்பிக்கப்பட்டிருப்பினும், நோய்க்காரணம் நீங்காத இடத்தில் அது போதிய காப்பாவதில்லை என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: வாய்ப்புற்று, தாம்பூலம், காவிரிப் படுகை, குர்குமின், பீட்டா கரோட்டின், அண்ணாமலைப் பல்கலைக்கழகம்

முன்னுரை

மன்னார்குடி வட்டாரம் பாமணியாற்றுப் பாசனம் பெறும் நெல் நிலம். சம்பா, தாளடி அறுவடைக்குச் சில நாள் முன்னரே நிற்கும் பயிரினூடே உளுந்தும் பயறும் தெளிக்கப்பெறும். சோறு, பருப்பு, குழம்பு, இரசம், கீரை என அமையும் உணவு இந்நிலத்தின் விளைவோடு ஒட்டியது. உணவுக்குப்பின் தாம்பூலம் தரிப்பதும் அவ்வாறே இந்நிலத்தின் வழக்கமாகும். விருந்திலும் மணவினையிலும் தட்டில் வைக்கப்படும் வெற்றிலை, வயல் வேலைக்கிடையே மடியிலிருந்து எடுக்கப்படும் சுருக்குப்பையிலும் இடம்பெறுகிறது.

உண்ணும் உணவிலுள்ள தாவரப் பொருள்கள் புற்றுநோய்க்குக் காப்பாகும் என்று சொல்லப்படும் அதே மக்கள் வாழ்வில், மெல்லும் தாவரப் பொருள்கள் புற்றுநோய்க்குக் காரணமாகின்றன. இவ்விரண்டும் பெரும்பாலும் தனித்தனியே பேசப்படுகின்றன. உணவின் சிறப்பைக் கூறும் எழுத்துகள் தாம்பூலத்தைத் தொடுவதில்லை. புகையிலை ஒழிப்பைக் கூறும் எழுத்துகள் உணவைத் தொடுவதில்லை. இரண்டையும் இணைத்துப் பார்க்கும்போதே காப்பின் அளவும் எல்லையும் விளங்கும் என்பது இக்கட்டுரையின் கருதுகோள் ஆகும்.

காவிரிப் படுகையின் தாம்பூலம்

தாம்பூலம் தமிழரிடையே தொன்மையானது. சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையில், மாதரி மனையில் கோவலன் உண்டு முடித்தபின் கண்ணகி வெற்றிலையும் பாக்கும் தருகிறாள். அக்காலத் தாம்பூலத்தில் புகையிலை இல்லை. அமெரிக்கக் கண்டத்துப் பயிராகிய புகையிலை, போர்ச்சுகீசியர் வருகைக்குப் பின்னரே இந்தியாவிற்கு வந்து சேர்ந்தது. ஆகவே புகையிலை சேர்ந்த தாம்பூலம் சில நூற்றாண்டுக் கால வழக்கமே ஆகும். பழைமையான வழக்கம் என்னும் மதிப்பைப் பின்வந்த பொருளும் பெற்றுக்கொண்டது எனலாம்.

இத்தாம்பூலத்தின் உறுப்புகள் பெரும்பாலும் காவிரிப் படுகையிலேயே கிடைத்தன. ஆவூர், இராஜகிரி, ஐயம்பேட்டை ஆகிய ஊர்களின் வெற்றிலைக் கொடிக்கால்கள் பெயர் பெற்றவை. கும்பகோணம் சீவலுக்குப் பெயர் பெற்றது. கடற்கரையோரத்து வேதாரண்யம் புகையிலைச் சாகுபடிக்கு அறியப்பட்டது.

கொடிக்காலில் வெற்றிலைக் கொடி படர்வதற்கு அகத்தியை நட்டு வளர்ப்பது மரபு. அகத்தியின் இலை கரோட்டின் மிகுந்த கீரை. ஏகாதசி நோன்புக்கு மறுநாளான துவாதசியில் அதனை உண்பது வழக்கம். ஒரே கொடிக்காலிலிருந்து உணவுத் தட்டிற்குக் கீரையும் தாம்பூலத் தட்டிற்கு வெற்றிலையும் வந்துள்ளன. தாவரப் பொருள் என்பதாலேயே ஒன்று நன்மையோ தீமையோ ஆவதில்லை என்பதற்குக் கொடிக்கால் தக்க சான்றாகும்.

நோய்க்காரணம் அறியப்பட்ட வரலாறு

தாம்பூலத்திற்கும் வாய்ப்புற்றுக்கும் உள்ள தொடர்பு தென்னிந்திய மருத்துவமனைகளிலேயே முதலில் கவனிக்கப்பட்டது. 1902இல் சென்னையில் பணியாற்றிய மருத்துவர் நிப்லாக், இந்தியாவில் புற்றுநோய் குறித்து எழுதிய கட்டுரையில் இத்தொடர்பைச் சுட்டினார். 1933இல் மருத்துவர் ஐ.எம். ஆர், அன்றைய திருவிதாங்கூரைச் சேர்ந்த நெய்யூரில் தாம் கண்ட நோயாளரை அடிப்படையாகக் கொண்டு, வெற்றிலை மெல்லுவோரின் வாய்ப்புற்று பற்றி லான்செட் இதழில் எழுதினார். நெய்யூர் இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ளது.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் அடையாற்றில் புற்றுநோய் நிறுவனம் தொடங்கப்பட்டது. அந்நிறுவனத்தின் மருத்துவர்கள் வி. சாந்தாவும் எஸ். கிருஷ்ணமூர்த்தியும் 1959இல் பிரித்தானியப் புற்றுநோய் இதழில் வாய்ப்புற்றின் காரணிகளை ஆராய்ந்து வெளியிட்டனர். மருத்துவர்தம் பட்டறிவாக இருந்த செய்தி இத்தகைய ஆய்வுகளால் ஒப்பீட்டுக்குரிய சான்றாக வளர்ந்தது.

உலக நலவாழ்வு அமைப்பின் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, புகையிலை சேர்ந்த தாம்பூலம் புற்றுநோய் விளைவிப்பது என 1985இல் வெளியிட்ட தன் 37ஆம் தொகுதியில் அறிவித்தது. புகையிலை சேராத தாம்பூலம் பற்றி முடிவு கூற அன்று சான்று போதவில்லை. 2004இல் வெளியான 85ஆம் தொகுதி, புகையிலை இல்லாத தாம்பூலமும் பாக்கும் மனிதரிடம் புற்றுநோய் விளைவிப்பவை என முதல் பிரிவில் சேர்த்தது. பாக்கிலுள்ள அரிகோலின் முதலிய காரப்பொருள்களிலிருந்து நைட்ரோசமைன்கள் உருவாதலும், சுண்ணாம்பின் காரத்தன்மையால் பாக்கின் பாலிஃபீனால்கள் வாயிலேயே வினைமிகு ஆக்சிசன் மூலக்கூறுகளை வெளிவிடுதலும் இதற்குரிய வழிகளாகக் கண்டறியப்பட்டன.

தடுப்புப் பொருள் என்னும் கருத்தின் தோற்றம்

நோய்க்காரணத்தை நீக்குதல் ஒரு வழி. உடலுக்குள் செல்லும் நச்சுப்பொருளை வேறொரு பொருளால் செயலிழக்கச் செய்தல் மற்றொரு வழி. இரண்டாம் வழி 1960களில் ஆய்வுத்துறையாக உருப்பெற்றது. அமெரிக்க ஆய்வாளர் லீ வாட்டன்பர்க், புற்றுநோய் தோன்றுவதை வேதிப்பொருளால் தடுக்கும் ஆய்வுகளை 1966இல் தொகுத்துரைத்தார். வேதித்தடுப்பு என்னும் பொருள்படும் கலைச்சொல்லை 1976இல் மைக்கேல் ஸ்போர்ன் வழங்கினார். 1981இல் ரிச்சர்ட் பீட்டோவும் பிறரும், உணவிலுள்ள பீட்டா கரோட்டின் மனிதரிடையே புற்றுநோயைக் குறைக்குமா என்னும் வினாவை நேச்சர் இதழில் எழுப்பினர்.

இத்துறையின் அடிப்படை எளிதில் விளங்குவதாகும். புற்றுநோய் விளைவிக்கும் பொருள்கள் பல, உடலின் நொதிகளால் மாற்றப்பட்ட பின்னரே மரபுப்பொருளாகிய டி.என்.ஏ.வைத் தாக்குகின்றன. இவ்வாறு நச்சைக் கூர்மையாக்கும் நொதிகள் முதல் கட்டத்தைச் சேர்ந்தவை. நச்சை நீரில் கரையச்செய்து வெளியேற்ற உதவும் நொதிகள் இரண்டாம் கட்டத்தைச் சேர்ந்தவை. முதல் கட்ட நொதிகளைத் தளர்த்தி இரண்டாம் கட்ட நொதிகளைத் தூண்டும் பொருள் காப்புப் பொருள் ஆகலாம். 1992இல் பால் டலாலேயின் குழு பிராக்கோலியிலிருந்து பிரித்தெடுத்த சல்ஃபராஃபேன் இரண்டாம் கட்ட நொதிகளைத் தூண்டும் பொருளாகும். முட்டைக்கோசு, முள்ளங்கி, கடுகு ஆகியவை பிராக்கோலியின் குடும்பத்தைச் சேர்ந்தவை.

சமையல் முறையும் இங்குக் கருதத்தக்கது. கடுகின் காரப்பொருள், விதை நசுங்கும்போது அதிலுள்ள ஒரு நொதியால் உருவாகிறது. கொதிக்கும் எண்ணெயில் தாளிக்கும்போது அந்நொதி செயலிழக்கிறது. தக்காளியின் லைகோபீனோ எண்ணெயுடன் வேகும்போது உடலால் எளிதில் ஏற்கப்படுகிறது. ஆகவே ஒரு பொருள் தாவரத்தில் உள்ளது என்பதும், சமைத்த உணவின் வழி உடலில் சேர்கிறது என்பதும் வெவ்வேறு செய்திகளாகும்.

வெற்றிலையின் வேதிப்பொருள்கள்

தாம்பூலத்தின் உறுப்புகளைத் தனித்தனியே பிரித்து ஆராய்ந்தவர்களுள் மும்பைப் புற்றுநோய் ஆய்வு நிறுவனத்தின் எஸ்.வி. பிடே குழுவினர் குறிப்பிடத்தக்கவர். வெற்றிலையிலுள்ள ஹைட்ராக்சிசாவிகால் என்னும் பொருள் மரபணுத் திரிபைத் தடுக்கும் ஆற்றலுடையது என 1986இல் அவர்கள் வெளியிட்டனர். வெற்றிலைச் சாறு சுண்டெலிகளின் இரைப்பையில் பென்சோபைரீன் உண்டாக்கும் கட்டிகளைக் குறைத்தது என 1991இல் எழுதினர்.

இம்முடிவுகள் வெற்றிலைக்குப் பெருமை சேர்ப்பன. ஆயினும் இவற்றிற்குப் பின்னரே, புகையிலை சேராத தாம்பூலமும் புற்றுநோய் விளைவிப்பது என்னும் 2004ஆம் ஆண்டு முடிவு வந்தது. மெல்லப்படும் ஒவ்வொரு தாம்பூலத்திலும் வெற்றிலை இருந்தது. அதன் காப்புப் பொருளும் இருந்தது. இருந்தும் பாக்கின் தீமையை அது ஈடுசெய்யவில்லை. காப்பும் நஞ்சும் ஒரே மடிப்பில் ஒருங்கே வாய்க்குள் சென்ற, பல்லாயிரவர் பல்லாண்டு பட்டறிந்த சான்று இது. தடுப்புப் பொருளின் எல்லையை உணர்த்துவதற்கு இதனினும் நேரடியான சான்று அரிது எனலாம்.

சிதம்பரத்தில் நிகழ்ந்த ஆய்வுகள்

காவிரிப் படுகையின் வடபகுதியில், சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலை நகரில் 1929இல் நிறுவப்பட்ட அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் துறை, இவ்வாய்வு வரலாற்றில் தனியிடம் பெறுகிறது. பேராசிரியர் எஸ். நாகினியின் குழுவினர் பூண்டு, தக்காளி, லைகோபீன், வேப்பிலை ஆகியவற்றை வாய்ப்புற்றோடு தொடர்புபடுத்திப் பல ஆண்டுகள் ஆராய்ந்தனர்.

அவர்கள் கையாண்ட வெள்ளெலிக் கன்னப்பை முறை 1954இல் ஜான் சாலி என்பவரால் அறிமுகப்படுத்தப்பட்டது. வெள்ளெலியின் கன்னப்பையில் டி.எம்.பி.ஏ. என்னும் வேதிப்பொருளின் 0.5 விழுக்காட்டுக் கரைசலை வாரம் மும்முறை, 14 வாரம் பூசினால் புற்றுக்கட்டிகள் தோன்றும். அவை மனித வாய்ப்புற்றைப் பல கூறுகளில் ஒத்திருக்கும். இவ்வாறு பூசப்பட்ட விலங்குகளுக்குத் தக்காளியும் பூண்டும் இணைத்துக் கொடுத்தபோது கட்டி தோன்றுவது ஒடுக்கப்பட்டதையும், மேற்கூறிய இருகட்ட நொதிகளில் மாற்றம் நிகழ்ந்ததையும் 2005இல் வெளியான கட்டுரையில் அவர்கள் காட்டினர். தனி வேதிப்பொருளை விட்டு, சமையலறையில் சேர்ந்தே பயன்படும் இரு பொருள்களை இணைத்து ஆராய்ந்தமை இதன் சிறப்பு.

இவ்வாய்வுகளின் மதிப்பைக் குறைக்காமலே அவற்றின் எல்லையையும் குறிக்கவேண்டும். வெள்ளெலிக்கு நச்சின் அளவும் காலமும் ஆய்வாளரால் வரையறுக்கப்பட்டவை. வயலில் மெல்லுபவருக்கு அளவும் இல்லை, 14 வாரம் என்னும் எல்லையும் இல்லை. இளமையில் தொடங்கும் பழக்கம் முதுமைவரை தொடர்கிறது. ஒரு பொருள் எவ்வழியில் செயல்படக்கூடும் என்பதை விலங்காய்வு காட்டும். ஓர் ஊரின் மக்களுக்கு அப்பொருள் எவ்வளவு காப்பாகும் என்பதை அதனால் காட்ட இயலாது.

மஞ்சளும் அளவு பற்றிய வினாவும்

மஞ்சளின் நிறப்பொருளாகிய குர்குமின் 1815இல் பிரித்தெடுக்கப்பட்டது; அதன் வேதியமைப்பு 1910இல் அறியப்பட்டது. திருச்சூர் அமலா புற்றுநோய் ஆய்வு மையத்தின் ஆர். குட்டன் குழுவினர் 1985இல் மஞ்சளின் புற்றெதிர்ப்புத் தன்மையை வெளியிட்டதிலிருந்து இதன்மீது கவனம் பெருகியது.

குன்னூரில் ராபர்ட் மெக்கேரிசன் 1918இல் தொடங்கிய ஆய்வுப்பிரிவு வளர்ந்து, 1958இல் ஐதராபாத்துக்கு மாற்றப்பட்டுத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாயிற்று. அங்கு கல்பகம் பொலாசா, கமலா கிருஷ்ணசாமி ஆகியோர் 1992இல் வெளியிட்ட ஆய்வு மனிதரிடம் நிகழ்ந்ததாகும். நாட்பட்ட புகைப்பழக்கமுடைய 16 பேருக்கு நாளொன்றுக்கு 1.5 கிராம் மஞ்சள் 30 நாள் கொடுக்கப்பட்டது. அவர்தம் சிறுநீரில் மரபணுத் திரிபு விளைவிக்கும் பொருள்கள் குறைந்தன. 1.5 கிராம் என்பது அன்றாடச் சமையலால் எட்டக்கூடிய அளவு. ஆயினும் இங்கு அளக்கப்பட்டது ஓர் அறிகுறியே. புற்றுநோய் குறைந்ததா என்பது அளக்கப்படவில்லை.

குர்குமின் உடலில் மிகக் குறைவாகவே உறிஞ்சப்படுகிறது. 1998இல் பெங்களூரில் நிகழ்ந்த ஆய்வில், 2 கிராம் குர்குமினுடன் மிளகின் பைப்பரீன் 20 மில்லிகிராம் சேர்த்தபோது இரத்தத்தில் சேரும் அளவு பல மடங்கு உயர்ந்தது. இரசத்தில் மஞ்சளும் மிளகும் சேர்வதற்கு இதனை அறிவியல் விளக்கமாகப் பலர் எடுத்துக்காட்டுகின்றனர். மஞ்சளில் குர்குமின் ஏறத்தாழ 3 விழுக்காடு எனக் கொண்டால், 2 கிராம் குர்குமினுக்கு 65 கிராமுக்கு மேல் மஞ்சள் வேண்டும். ஒரு குடும்பம் இரசத்தில் இடும் மஞ்சளோ சில சிட்டிகை. ஆய்வில் கொடுத்த அளவையும் அடுப்பங்கரை அளவையும் ஒன்றாகக் கொள்வது பொருந்தாது.

பீட்டா கரோட்டின்: கீரையிலிருந்து மாத்திரைக்கு

கீரைகளின் பீட்டா கரோட்டின் மாத்திரையாக்கப்பட்டு மனிதரிடம் பெருமளவில் சோதிக்கப்பட்டது. வாய்க்குள் தோன்றும் வெண்திட்டு, பின்னர்ப் புற்றாக மாறக்கூடிய முன்னிலையாகும். கேரளத்தில் இத்தகைய வெண்திட்டுடைய 160 மீனவ மக்களிடம் திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்தின் ஆர். சங்கரநாராயணனும் பிறரும் நடத்திய ஆய்வு 1997இல் வெளியாயிற்று. ஓராண்டு பீட்டா கரோட்டின் பெற்றவர்களுள் 33 விழுக்காட்டினருக்கும், வைட்டமின் ஏ பெற்றவர்களுள் 52 விழுக்காட்டினருக்கும் திட்டு முற்றிலும் மறைந்தது. வெற்று மாத்திரை பெற்றவர்களுள் 10 விழுக்காட்டினருக்கே மறைந்தது. மாத்திரை நிறுத்தப்பட்டபின், பீட்டா கரோட்டினால் குணமடைந்தவர்களுள் பாதிப்பேருக்கும், வைட்டமின் ஏயினால் குணமடைந்தவர்களுள் மூன்றில் இரு பங்கினருக்கும் திட்டு மீண்டும் தோன்றியது.

இதற்கு முன்பே வேறு நாடுகளிலிருந்து எச்சரிக்கை வந்திருந்தது. பின்லாந்தில் 29,133 ஆண் புகைப்பிடிப்பாளரிடம் நிகழ்ந்து 1994இல் வெளியான ஆய்வில், நாள்தோறும் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் பெற்றவர்களுக்கு நுரையீரல் புற்று 18 விழுக்காடு மிகுந்தது. அமெரிக்காவில் 18,314 பேரிடம் நிகழ்ந்த மற்றோர் ஆய்விலும், பீட்டா கரோட்டினும் வைட்டமின் ஏயும் பெற்றவர்களுக்கு இதே நோய் 28 விழுக்காடு மிகுந்ததால் 1996இல் அது இடையிலேயே நிறுத்தப்பட்டது. கீரையில் நன்மையாகத் தோன்றிய பொருள், பிரித்தெடுத்து மிகுந்த அளவில் புகைப்பிடிப்பவருக்குக் கொடுக்கப்பட்டபோது தீமை பயந்தது.

முழு உணவும் மக்கட்சான்றும்

பெங்களூர், சென்னை, திருவனந்தபுரம் ஆகிய மூன்று மையங்களில் வாய்ப்புற்று நோயாளர் 591 பேரையும் பிறர் 582 பேரையும் ஒப்பிட்ட ஆய்வு இவ்வகையில் முதன்மையானது. அதன் முதற்பகுதி 2002இல் வெளியானது. ஆண்களின் வாய்ப்புற்றில் 49 விழுக்காடு புகையிலைத் தாம்பூலத்தால் நேர்வது என அது கணித்தது. 2003இல் வெளியான பகுதி உணவைப் பற்றியது. காய்கறி, பழம், பருப்பு வகைகளை அடிக்கடி உண்பவர்களிடம் நோய் குறைவாகக் காணப்பட்டது. இங்குக் காப்பாகத் தோன்றியது தனி வேதிப்பொருள் எதுவும் அன்று. கீரையும் பருப்பும் பழமும் சேர்ந்த உணவே.

இதிலும் நிதானம் தேவை. காய்கறி மிகுதியாக உண்பவர் வருவாயிலும் பழக்கத்திலும் பிறரிடமிருந்து வேறுபடக்கூடும். உலகப் புற்றுநோய் ஆய்வு நிதியத்தின் 1997ஆம் ஆண்டு அறிக்கை, வாய்ப்புற்றுக்கு எதிராகக் காய்கறி, பழங்களின் காப்பினை உறுதியானது என வகைப்படுத்தியது. 2007ஆம் ஆண்டு அறிக்கை அதனைப் பெரும்பாலும் இருக்கக்கூடியது என ஒரு படி இறக்கியது. 2018ஆம் ஆண்டு அறிக்கை, புற்றுநோய்த் தடுப்புக்காகத் துணைமாத்திரைகளை நாடவேண்டா என அறிவுறுத்தியது.

காரணத்தை நீக்கும் வழி தந்த பயன் இதனினும் தெளிவானது. எர்ணாகுளம், ஸ்ரீகாகுளம், பவநகர் ஆகிய மூன்று மாவட்டங்களில் புகையிலை பயன்படுத்துவோர் 36,000 பேரிடம் நிகழ்ந்து 1986இல் லான்செட்டில் வெளியான ஆய்வு, நேரடி அறிவுரையால் பழக்கம் குறைந்ததையும் வெண்திட்டு தோன்றுவது குறைந்ததையும் காட்டியது. திருவனந்தபுரத்தில் பயிற்சி பெற்ற பணியாளர் வாயைக் கண்ணால் பார்த்துச் சோதித்த திட்டம், புகையிலை அல்லது மதுப் பழக்கமுடையவரிடையே வாய்ப்புற்று இறப்பை 34 விழுக்காடு குறைத்தது என 2005இல் அறியப்பட்டது. தமிழக அரசு 2013இல் குட்கா, பான் மசாலா ஆகியவற்றுக்குத் தடை விதித்தது. வீட்டில் மடிக்கப்படும் தாம்பூலம் அத்தடைக்கு அப்பாற்பட்டே நிற்கிறது.

முடிவுரை

மேற்கண்ட வரலாற்றால் பின்வருவன பெறப்படுகின்றன. உணவுத் தாவரங்களில் புற்றுநோய்த் தோற்றத்தைத் தடுக்கவல்ல பொருள்கள் உள்ளன என்பதற்கு மும்பை, சிதம்பரம், ஐதராபாத் ஆய்வுகள் சான்றாகின்றன. அப்பொருளை உணவிலிருந்து பிரித்து மிகுத்துக் கொடுத்தால் காப்பு மிகும் என்னும் எதிர்பார்ப்பைப் பின்லாந்து, அமெரிக்க ஆய்வுகள் மறுத்தன. நோய்க்காரணம் தொடரும்போது காப்புப் பொருள் உடனிருந்தும் பயனளிக்கவில்லை என்பதற்குத் தாம்பூலத்தின் வெற்றிலையே சான்று.

மஞ்சளும் பூண்டும் நாள்தோறும் உண்பதால் தமக்கு நோய் வாராது என்று நம்பிப் புகையிலையை மெல்லுபவர், வாயில் வெண்திட்டு தோன்றியும் மருத்துவரை நாடாது காலம் கடத்தக்கூடும். உணவின் பெருமை இத்தாமதத்திற்குத் துணைபோதல் ஆகாது. காவிரிப் படுகையின் கீரையும் பருப்பும் மஞ்சளும் நாளும் உண்ணத்தக்க நல்லுணவு. பாக்கையும் புகையிலையையும் விடுதலும், வாயை உரிய காலத்தில் சோதித்துக்கொள்ளுதலும் அவ்வுணவு ஆற்ற இயலாத பணிகள். அகத்திக்கீரை உணவுத் தட்டிற்குரியது. அது தாம்பூலத் தட்டிற்கு மாற்றுமருந்து ஆவதில்லை.